பதினாலு எதையும் தின்னும்

ஜூன் 2

இந்த நோட்டு யார் கையிலாவது சிக்கினால்: நான் சகாயநாதன், கால்நடை ஆய்வுப் பண்ணையில் தீவன உதவியாளர். ஒன்பது வருடமாகத் தொகுப்பூதியம். தயவுசெய்து திருப்பிக் கொடுக்கவும், படிக்காமல்.

இன்று புதுச் சோதனை ஆரம்பம். டாக்டர் வான்மதி மேடம் ஒரு பதிவேட்டைக் கொடுத்து, "எத்தனை கிலோ வெச்சீங்க, எத்தனை கிலோ மிச்சம், அது மட்டும் போதும் சகாயம். கதை வேண்டாம்" என்றார். போன சோதனையில் நான் பதிவேட்டில் கோழிகளின் குணநலன் பற்றி நாலு வரி எழுதியது அவருக்குப் பிடிக்கவில்லை. எனவே எண்ணெல்லாம் பதிவேட்டுக்கு, கதையெல்லாம் இந்த நோட்டுக்கு.

விஷயம் இதுதான். மக்காச்சோளத்தையும் குருணை அரிசியையும் புளிக்க வைத்து எத்தனால் எடுக்கிறார்கள். அது பெட்ரோலில் கலக்கப் போய்விடுகிறது. மிஞ்சும் சக்கையைக் காயவைத்து மூட்டை மூட்டையாக நமக்கு அனுப்புகிறார்கள். அதை எருமைக் கடாக்களுக்குப் போட்டால் கறி எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். இருபது கடா, மூன்று கூட்டம். முதல் கூட்டத்துக்குச் சாதாரணத் தீவனம். இரண்டாவதற்கு நூற்றில் இருபது பங்கு சக்கை. மூன்றாவதற்கு நாற்பது. எல்லாவற்றுக்கும் காதில் எண். பெயர் வைக்கக் கூடாது என்பது விதி.

விதிப் புத்தகமும் ஒன்று கொடுத்தார்கள். பதினெட்டு விதிகள். பிறகு படிக்கலாம்.

ஜூன் 5

பதினாலாம் எண் தன் தொட்டியை முடித்துவிட்டுப் பதின்மூன்றின் தொட்டியையும் முடித்தது.

ஜூன் 19

கறியை ருசி பார்த்து மதிப்பெண் போட எட்டுப் பேர் வேண்டுமாம். 'மாட்டிறைச்சி உண்ணும் வழக்கமுள்ள ஊழியர்கள் பெயர் தரவும்' என்று சுற்றறிக்கை விட்டார்கள். நானே அறை அறையாகக் கொண்டுபோனேன்.

இந்தப் பண்ணையில் நாற்பத்தொரு பேர். ஞாயிறு காலை ஆம்பூர் கறிக்கடை வரிசையில் இவர்களில் பாதிப் பேரை நான் பார்க்கிறேன். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள், நானும் திருப்பிக்கொள்வேன், அது ஒரு மரியாதை. ஆனால் சுற்றறிக்கையில் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. கண்காணிப்பாளர் பஞ்சாட்சரம் சார் அதை விரல் நுனியால் தள்ளினார். "நம்ம வீட்ல பூண்டே சேக்கறதில்லய்யா."

என் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு, மாலை கொட்டகையில் தொட்டி கழுவும்போது சுற்றறிக்கையைக் கம்பி மேல் வைத்தேன். பதினாலு அதைத் தின்றுவிட்டது. ஒரே ஒரு பெயர் இருந்ததால் பெரிய இழப்பில்லை.

ஜூலை 7

பக்கத்து ஊரில் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. பண்ணையில் மாட்டுக்குச் சாராயச் சக்கை போடுகிறார்களாம், அந்தக் கறியைத் தின்றால் போதை ஏறுமாம். காலையில் இரண்டு பேர் கேட்டுக்கு வந்து, "சார், கறி வாணா, அந்த மூட்டைல ஒரு கை குடேன்" என்றார்கள். சக்கையில் சொட்டுச் சாராயம் கிடையாது, எல்லாம் தொழிற்சாலையிலேயே பிரிந்துவிட்டது என்று விளக்கினேன். "உனுக்குத்தான் நெறையக் கெடைக்குது, நீ அப்படித்தான் சொல்லுவ" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மதியத்துக்குள் ருசிக் குழுவுக்கு இருபத்தாறு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். பஞ்சாட்சரம் சார் பெயர் கொடுக்கவில்லை. 'ஆவணப் பார்வையாளராக' வருவேன் என்று தனியாகக் குறிப்பு அனுப்பியிருக்கிறார்.

ஜூலை 20

ருசிக் குழுவுக்குப் பயிற்சி. வெற்றிலை, புகையிலை கூடாது. கறியை உப்பில்லாமல், மசாலா இல்லாமல் ஆவியில் வேகவைத்து, சதுரமாக வெட்டி, ரகசிய எண் போட்ட கிண்ணத்தில் தருவார்கள். நிறம், மணம், சாறு, மிருது என்று ஒவ்வொன்றுக்கும் எட்டு வரை மதிப்பெண். நடுநடுவே ஒரு வாய் வெந்நீர், ஒரு துண்டு ரொட்டி.

உப்பில்லை, மிளகாயில்லை, போதையும் இல்லை என்று தெரிந்ததும் பதினெட்டுப் பேர் அவசர வேலையாகக் கிளம்பிவிட்டார்கள். எட்டுப் பேர் மிஞ்சினோம். பஞ்சாட்சரம் சார் பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்து ஒன்பது துண்டு பார்வையிட்டார்.

மேடம் கடையில் வாங்கிய ஒரே மாட்டின் இரண்டு துண்டுகளை வேறு வேறு எண்ணில் வைத்து எங்களைச் சோதித்தார். நான் ஒருவன்தான் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் போட்டிருந்தேன். "உங்க நாக்கு பொய் சொல்லாது சகாயம்" என்றார். ஒன்பது வருடத்தில் இந்தப் பண்ணை என்னைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை. என் நிரந்தர நியமனக் கோப்பு அவர் மேசையில் இருப்பதாகவும் சொன்னார்.

ஆகஸ்ட் 3

ஞாயிறு. கறி தின்றுவிட்டு மத்தியானம் ஒரு தூக்கம் போட்டேன். எழுந்தால் என் வீட்டுக்காரி பிலோமினா இடுப்பில் கை வைத்து நிற்கிறாள்.

"யாருங்க அது பதினாலு?"

"எது?"

"தூக்கத்துல 'பதினாலு, மெதுவாத் தின்னுடா, பொரை ஏறப்போவுது'ன்றீங்க. இருவது வருஷமா நான் எதிர்ல உக்காந்து துன்றேன், எனுக்கு ஒரு நாள் சொல்லிக்கிறீங்களா?"

வேலைப் பளு என்று சொன்னேன். உண்மையும் அதுதான்.

ஆகஸ்ட் 21

பதினாலு எடை கூடியிருக்கிறது. அவன் நெற்றிச் சுழியில் சொறிந்தால் கண்ணை மூடிக்கொண்டு முழு உடம்பையும் என்மேல் சாய்க்கிறான். திருத்தம்: அது சாய்க்கிறது. இடது தோளில் வலி, தைலம் தடவினேன்.

செப்டம்பர் 1

முதல் தவணை. பத்துக் கடாக்கள் அறுக்கப்பட்டன. பதினாலு இரண்டாம் தவணையில். செப்டம்பர் 29.

மாலை ருசிக் குழு. எல்லாக் கிண்ணங்களையும் ஒழுங்காக மென்று மதிப்பெண் போட்டேன். எனக்கு இதில் எந்தச் சங்கடமும் கிடையாது. என் அப்பன் தின்றான், நான் தின்கிறேன், கறி கறிதான். பிறகு கொட்டகைக்குப் போகாமல் நேராக வீட்டுக்குப் போனேன். போவதற்கு முன் கையை இரண்டு முறை கழுவினேன். அந்தச் சோப்பு சரியில்லை.

செப்டம்பர் 4

கண்ணாடிப் பெட்டியில் விளக்குப் போட்டு, கடையில் வைப்பதுபோல் கறியை வைத்திருக்கிறார்கள். சாதாரணத் தீவனக் கறி இன்னும் சிவப்பாக இருக்கிறது. நாற்பது பங்கு சக்கை தின்றவற்றின் கறி மூன்றாம் நாளே பழுப்படிக்க ஆரம்பித்துவிட்டது. கொழுப்பும் இளக்கம், விரல் வைத்தால் உள்ளே போகிறது. மிருதுவில் வித்தியாசம் இல்லை. மணத்தில் மட்டும் கடைசியில் ஈரல் வாடைபோல் ஒன்று வருகிறது, அதை நான் ஒருவன்தான் எழுதியிருந்தேன்.

மேடத்துக்கு ஒரே சந்தோஷம். "சக்கையில இருக்கற எண்ணெய் கறிக்குள்ள போகுது சகாயம், அதான் சீக்கிரம் நிறம் மாறுது. ரெண்டாவது தவணைல இன்னும் தெளிவாயிடும். முக்கியமா அந்தப் பதினாலு. இருக்கறதுலயே அதிகமாச் சக்கை தின்னது அதுதானே? அது கறியில எல்லாம் பளிச்சுனு தெரியும். நீங்கதான் அதுக்குச் சரியா மார்க் போடணும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்.

செப்டம்பர் 8

ஓய்வாக இருந்ததால் விதிப் புத்தகத்தைப் படித்தேன். விதி 11: 'தொடர்ந்து மூன்று நாட்கள் தீவனம் உண்ண மறுக்கும் விலங்கு சோதனையிலிருந்து நீக்கப்பட்டுப் பண்ணை மந்தையில் சேர்க்கப்படும்.' வேண்டியது கிடைத்துவிட்டதால் புத்தகத்தை மூடினேன். வேண்டியது என்றால், பொது அறிவுக்கு வேண்டியது.

இதன் தொடர்ச்சியாக ஒரு யோசனை. கசப்பான பொருளை மாடு எந்த அளவுவரை பொறுத்துக்கொள்ளும் என்று இதுவரை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. என் சொந்த ஆர்வத்தில் ஒரு சிறு ஆய்வு செய்யப்போகிறேன். ஏதாவது ஒரு கடா வேண்டும். பதினாலு கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

செப்டம்பர் 9

இரண்டு கை வேப்பிலை அரைத்துத் தீவனத்தில் கலந்தேன். தின்றது.

செப்டம்பர் 10

வேப்பம் புண்ணாக்கு ஒரு படி. தின்றுவிட்டுக் கையை நக்கியது.

செப்டம்பர் 12

பாகற்காய். பிலோமினாவை அரைக்கச் சொன்னேன். "சர்க்கரை வந்திருச்சா உங்களுக்கு?" என்று பயந்துபோனாள். எனக்கில்லை, பதினாலுக்கு என்றேன். மிக்சியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு இன்னும் நாலு காயைச் சேர்த்து அரைத்தாள்.

தின்றது. வாளியைக் கவிழ்த்து அடியில் தேடியது.

செப்டம்பர் 15

நிலவேம்புக் கஷாயம். நான் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து அரை மணி நேரம் வாய் பேச முடியாமல் இருந்தேன். அது முழு வாளியையும் உறிஞ்சிவிட்டு ஏப்பம் விட்டது. பழக்கமில்லாததைப் போட்டால் நின்றுவிடும் என்று பார்த்தால், இதற்குப் பழக்கமில்லாதது என்று உலகத்தில் எதுவுமில்லை.

செப்டம்பர் 17

இன்று எதிரில் உட்கார்ந்து பேசிப் பார்த்தேன். மூன்றே நாள். அதற்குப் பிறகு ஆயுசு முழுக்கத் தின்னலாம், யார் கேட்கப்போகிறார்கள் என்றேன். எங்கள் வீட்டில் தவக்காலம் நாற்பது நாள் இருக்கிறோம், உன்னால் மூன்று நாள் முடியாதா என்றேன். காதை ஆட்டிக்கொண்டு கவனமாகக் கேட்டது. கேட்டு முடித்ததும் என் துண்டைத் தின்ன ஆரம்பித்தது.

செப்டம்பர் 19

பதினாலு இன்று காலையிலிருந்து எதுவும் தின்னவில்லை! ஒரு பிடி கூட இல்லை. தொட்டி அப்படியே கிடக்கிறது. ஆண்டவருக்குத் தோத்திரம்.

பிற்பகல்: தொட்டியில் நான் எதுவும் வைத்திருக்கவில்லை. இதே நினைப்பில் மறந்திருக்கிறேன். வைத்தேன். தின்றது.

செப்டம்பர் 23

பஞ்சாட்சரம் சார் கொட்டகைக்கு வந்தார். மூக்கைச் சுளித்து வாளியை எட்டிப் பார்த்தார்.

"யோவ் சகாயம், இன்னாய்யா இது, பாவக்காயா?"

"சும்மா சார். வயித்துப் பூச்சிக்கு."

"இது ஒண்ணுக்கு மட்டுமா பூச்சி? பாருய்யா, நான் இதெல்லாம் தொடறவன் இல்ல. ஆனா அந்த டாக்டர் பொண்ணு நாலு மாசமா ஒழைக்குது. இந்தத் தொடைக் கறி..." என்று பதினாலின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். எச்சில் விழுங்கினார். "இந்தத் தொடைப் பகுதியோட தரவு கசந்துபோச்சுன்னா, உன்ன சும்மா வுடமாட்டேன்."

செப்டம்பர் 27

கடைசிப் பாகற்காய். இரண்டு கிலோ. தின்றது. நாளை மறுநாள் லாரி வரும்.

சாயங்காலம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது என் சட்டைப் பையில் தலையை விட்டு விதிப் புத்தகத்தை உருவியது. பிடுங்குவதற்குள் அட்டையும் முன்பக்கங்களும் போய்விட்டன. மிச்சமிருந்தது பன்னிரண்டாம் விதியிலிருந்துதான். படித்தேன்.

விதி 12: 'அனுமதிக்கப்படாத பொருளை உட்கொண்ட விலங்கு சோதனையிலிருந்து நீக்கப்படும். கடைசியாக உட்கொண்ட நாளிலிருந்து தொண்ணூறு நாட்கள் முடியும்வரை இறைச்சிக்காக அறுக்கக் கூடாது. அதன்பின் பண்ணைக் கண்காணிப்பாளர் முடிவு செய்யலாம். எழுத்து மூலமான சான்று அவசியம்.'

தின்னாமல் இருப்பதற்காக இதனுடன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேனே! தின்றதே போதும். அன்றைக்கு இன்னும் ஒரு விதி சேர்த்துப் படித்திருந்தால் அந்த இரண்டு கை வேப்பிலையோடு முடிந்திருக்கும்.

எழுத்துச் சான்று இந்த நோட்டு ஒன்றுதான்.

செப்டம்பர் 28

இதை மேடத்திடம் கொடுத்தால் என் நியமனம் போகும். சோதனையைக் கெடுத்தவன் என்று பெயர் வரும். கொடுக்காவிட்டால் நாளை மாலை ஒரு கிண்ணம் என் முன்னால் வரும், அதில் ரகசிய எண் இருக்கும். என் நாக்கு கண்டுபிடித்துவிடும். அதற்கு நான் எட்டுக்கு எத்தனை என்று போட வேண்டும்.

பிலோமினாவிடம் சொன்னேன். "ஒம்போது வருஷம் தொகுப்பூதியத்துல ஓட்டல? போயி குடுத்துட்டு வாங்க" என்றாள்.

இந்த நோட்டில் இதுவரை ஒளித்து ஒளித்து எழுதியிருக்கிறேன். மேடம் படிக்கப்போவதால் இதையும் எழுதிவிடுகிறேன். எனக்கு அவன்மேல் பிரியம். திருத்தம் எதுவும் இல்லை.

செப்டம்பர் 30 (புது நோட்டு)

பழைய நோட்டு இப்போது அலுவலகக் கோப்பில் 'இணைப்பு 6'.

நேற்று முன்தினம் மேடம் அதைத் தன் அறையில் என் எதிரிலேயே முழுக்கப் படித்தார். சுற்றறிக்கையைத் தின்ற இடத்தில் சிரித்தார். வேப்பிலை வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

"இதெல்லாம் உண்மையிலேயே குடுத்தீங்களா?"

"தேதி போட்டிருக்கேன் மேடம்."

"எனக்கு மூணாவது கூட்டத்துல ஒரு கடா குறையும். இருக்கறதுலயே நல்ல கடா. எவ்வளவு வேலை தெரியுமா இது?"

"தெரியும் மேடம். நான்தானே சாணி அள்ளினேன்."

"உங்க ஃபைல் இங்கதான் இருக்கு. ஏன் இத எங்கிட்ட கொண்டாந்தீங்க? சும்மா இருந்திருக்கலாமே."

"கறி நெறையத் துன்னவன் மேடம் நானு. நாளைக்கு மத்ததெல்லாம் குடுத்தாலும் துன்னுட்டு மார்க் போடுவேன். இவன மட்டும் முடியாது."

"பொய்யா ஒரு மார்க் போட்டுட்டுப் போக வேண்டியதுதானே?"

"நீங்கதானே சொன்னீங்க, என் நாக்குக்கு அது வராதுன்னு."

மேடம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு சிவப்பு மையில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதை நான் மனப்பாடம் செய்திருக்கிறேன்: 'எண் 14 நீக்கம். காரணம்: வேம்பு, பாகல், நிலவேம்பு, ஒரு துண்டு, விதி 1 முதல் 11 வரை. தீவன உதவியாளரின் நாக்கு நம்பத்தக்கது, கை நம்பத்தக்கதல்ல. ருசிக் குழுவிலிருந்து விலக்கப்படுகிறார். நியமனம் அடுத்த ஆண்டு பரிசீலிக்கப்படும். எண் 14இன் பராமரிப்பு அவரையே சேரும். மாதாமாதம் எழுத்து மூல அறிக்கை தேவை.'

கதவருகே போனவனைக் கூப்பிட்டு ஒரு கட்டுக் கார்பன் தாளைக் கொடுத்தார். "விதியில 'கடைசியா உட்கொண்ட நாள்'னு இருக்கு, கவனிச்சீங்களா?"

அப்போது எனக்குப் புரியவில்லை.

அக்டோபர் 3

பஞ்சாட்சரம் சார் தன் அறை நாட்காட்டியில் டிசம்பர் 26ஐச் சிவப்பு வட்டம் போட்டு வைத்திருக்கிறார். அன்றுதான் தொண்ணூறாம் நாள்.

நவம்பர் 16

ஞாயிறு. பிலோமினா சுக்கா வறுவல் செய்தாள். நன்றாக இருந்தது, மிருதுவுக்கு ஏழு போடலாம். சாப்பிட்டுவிட்டுப் பதினாலைப் பார்க்கப் போனேன். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சம்பந்தம் இருக்கலாம். இருந்தால் இருக்கட்டும்.

டிசம்பர் 23

பஞ்சாட்சரம் சார் கூப்பிட்டனுப்பினார். பதினாலுக்குக் காலம் முடிகிறது, பண்ணை முடிவு செய்யலாம், பண்ணை என்றால் அவர்தான் என்றார். அவர் அலமாரியில் ஒரு பை பூண்டு இருந்தது.

டிசம்பர் 25

கிறிஸ்துமஸ். பூசை முடிந்து புதுச் சட்டையோடு நேராகப் பண்ணைக்கு வந்துவிட்டேன். எண்பத்தொன்பதாம் நாள். மேடம் அன்று ஏன் கார்பன் கொடுத்தார் என்று நேற்றுத்தான் உறைத்தது. மரமண்டை.

தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எருமைக் கடாவுக்கு அனுமதிக்கப்பட்ட தீவனப் பட்டியலைச் சரிபார்த்தேன். அதில் காகிதம் இல்லை, மையும் இல்லை. இன்று தின்றால் இன்றுமுதல் தொண்ணூறு. மார்ச் மாதம் இன்னொரு அறிக்கை எழுத வேண்டியிருக்கும், அதற்குப் பிறகு ஜூனில் ஒன்று. எனக்கு எழுதுவதில் சிரமமே இல்லை, கதை எழுதுகிறேன் என்றுதானே என்மேல் புகாரே.

கார்பன் வைத்து அழுத்தி எழுதியிருக்கிறேன். நகல் மேடத்துக்கு. மூலப் பிரதி அவனுக்கு. எழுதி முடிக்கும்வரைகூட விடமாட்டேன் என்கிறான், தாளின் மேல் மூலை இப்போதே அவன் வாயில்தான் இருக்கிற